வண்டியை நிறுத்தச் சொல்லும் அதிகாரம்

முனிராஜிடம் சொன்ன நாள்

போக்குவரத்தை மொத்தமாக வெளி நிறுவனத்திடம் கொடுத்துவிடுவது என்று முடிவானபோது, அதை எங்கள் லாரிக்காரர் முனிராஜிடம் சொல்லும் வேலையும் எனக்கே வந்தது. ஒப்பீட்டு அட்டவணை போட்டது நான். வந்திருந்த மூன்று கம்பெனிகளுக்கும் மதிப்பெண் போட்டது நான். "அப்ப நீங்களே சொல்லிடுங்க சந்திரா, உங்களுக்குத்தான் அவரைப் பழக்கம்" என்றார் எங்கள் ஜி.எம்.

நான் அப்போது ஓசூரில் இருசக்கர வாகனங்களுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில், சரக்கை அனுப்பிவைக்கும் டிஸ்பாட்ச் பிரிவின் பொறுப்பாளர். சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். கல்யாணமாகி மூக்கண்டப்பள்ளிக்கு வந்தேன். அசெம்ப்ளி லைனில் சேர்ந்து, ஸ்டோர்ஸுக்கு மாறி, கடைசியில் டிஸ்பாட்சில் உட்கார்ந்தேன். எங்கள் பெரிய கஸ்டமர், பெங்களூருக்கு அந்தப்புறம் இருக்கும் ஒரு வாகனக் கம்பெனி. அவர்கள் சரக்கைச் சேர்த்து வைத்துக்கொள்ள மாட்டார்கள். பாகங்களை நீலநிறப் பிளாஸ்டிக் பெட்டிகளில் அடுக்கி அனுப்புவோம். பின் என்று சொல்வோம். அந்த பின்கள் வண்டியிலிருந்து இறங்கி நேராக அவர்களுடைய லைனுக்குப் போகும். லைன் ஓரத்தில் எப்போதும் இரண்டு மணி நேரத்துக்கான சரக்குதான் இருக்கும். எங்கள் வண்டி அதற்கு மேல் தாமதமானால் அங்கே ஒரு ஷிப்ட் முழுவதும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

அந்த வண்டிகளை ஓட்டியவர் முனிராஜ். உத்தனப்பள்ளிக்காரர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், எல்லை தாண்டினால் கன்னடம். தக்காளியும் போடுவார், ஆறு லாரியும் வைத்திருந்தார். பதினான்கு வருடம் எங்களுக்கு ஓட்டினார். எழுத்தில் இருந்தது இரண்டு பக்க ஒப்பந்தம். அதை யாரும் எடுத்துப் பார்த்ததாக நினைவில்லை. எந்த ஊரில் தேர், எங்கே ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், எந்தப் பக்கம் சுற்றிப் போகலாம் என்பதெல்லாம் அவருக்கும் அவர் டிரைவர்களுக்கும் தெரியும். தெரிந்ததும் எனக்குப் போன் வரும்.

ஆனால் அவரால் முடியாததும் இருந்தது. ஆர்டர் திடீரென்று ஏறும்போது ஏழாவது வண்டி அவரிடம் கிடையாது. தக்காளி அறுப்பு நேரத்தில் ஒரு வண்டி மார்க்கெட்டுக்குப் போய்விடும். வண்டி எங்கே நிற்கிறது என்று கஸ்டமர் கேட்டால் நான் டிரைவருக்குப் போன் போட்டுத்தான் சொல்ல வேண்டும். அவர்கள் திரையில் பார்க்க ஆசைப்பட்டார்கள். "நம்ம வேலை பிரேக் செய்யறது. லாரி பின்னாடி ஓடறது இல்ல. அதுக்குன்னே ஆள் இருக்காங்க" என்றார் ஜி.எம். அதில் தப்பு ஒன்றும் இல்லை. இன்றைக்கும் எனக்கு அப்படித்தான் படுகிறது.

முனிராஜை டிஸ்பாட்ச் அறையில் உட்காரவைத்துச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் சுவரில் ஒட்டியிருந்த வண்டி நேரப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரிய கம்பெனியாம்மா?"

"இந்தியா முழுக்க ஓட்டறாங்க."

"நல்லதும்மா. எனக்கும் வயசாவுது. ஒண்ணே ஒண்ணு. நம்ம டிரைவருங்கள அவங்க எடுத்துக்கட்டும். இந்த ரோட்ட தெரிஞ்சவங்க. புதுசா ஆள் போட்டா உனக்குத்தான் கஷ்டம்."

ஒப்பந்தத்தில் அதை எழுதவைத்தேன். நான்கு டிரைவர்கள் புதுக் கம்பெனிக்கு மாறினார்கள். அவர்களில் ஒருவர் கோவிந்தன். சாமல்பட்டிப் பக்கம், நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார், வண்டி கிளம்பும்முன் பின்களை இரண்டு தடவை எண்ணுவார்.

நான் எழுதிய வரி

ஒப்பந்தம் நாற்பது பக்கத்துக்கு மேல். அதில் ஒரு வரி என்னுடையது. டிரைவர்கள் எங்கள் ஊழியர்களை நேரடியாகத் தொடர்பு கொள்ளக்கூடாது, எதுவானாலும் தங்கள் கம்பெனியின் கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்ல வேண்டும், அங்கிருந்து எங்களுக்கு மெயில் வரும் என்ற வரி.

அதை ஏன் எழுதினேன் என்றும் சொல்லிவிடுகிறேன். பதினான்கு வருடமாக என் போன் ஓயவில்லை. பஞ்சர் என்றால் எனக்கு. கேட்டில் டோக்கன் தரவில்லை என்றால் எனக்கு. மாமியார் இறந்து பத்தாம் நாள் காரியம் நடந்துகொண்டிருக்கிறது, வண்டியின் பின்பக்கக் கதவுப் பூட்டின் சாவி எங்கே என்று ஒருவர் கேட்கிறார். மகளுக்குப் பிரசவ வலி வந்து ஆஸ்பத்திரியில் நிற்கிறேன், இன்வாய்ஸில் ஒரு எண் தப்பு என்று இன்னொருவர். நான் களைத்துப் போயிருந்தேன். ஒரு வரி எழுதினால் போன் நிற்கும் என்றால் எழுதலாம் என்று தோன்றியது. எழுதினேன். லீகல் பிரிவு பாராட்டியது.

கன்ட்ரோல் ரூம் வடக்கே ஒரு ஊரில் இருந்தது. என் மேசையில் ஒரு திரை வைத்தார்கள். ஒவ்வொரு வண்டியும் ஒரு புள்ளி. ஓடினால் பச்சை, நின்றால் மஞ்சள், பாதை மாறினால் சிவப்பு. முதல் சில மாதங்கள் நன்றாகவே போயிற்று. ஆர்டர் ஏறினால் மறுநாளே கூடுதல் வண்டி வந்தது. கஸ்டமர் தாங்களே திரையில் பார்த்துக்கொண்டார்கள். என் போன் அமைதியாக இருந்தது. மதியச் சாப்பாட்டை நடுவில் எழுந்திருக்காமல் சாப்பிட்டேன்.

டிரைவர்கள் கேட்டில் என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்வார்கள். வேறு ஒன்றும் சொல்லமாட்டார்கள். சொல்லக்கூடாது என்று எழுதியாயிற்றே.

ஆறே முக்கால் மணிக்கு வந்த போன்

தண்ணீர் விஷயமாக எல்லைக்கு அந்தப் பக்கம், பெங்களூர் ரோட்டில் போராட்டம் நடக்கலாம் என்று இரண்டு நாளாகச் செய்தியில் ஓடிக்கொண்டிருந்தது. முறையான பந்த் அறிவிப்பு எதுவும் வரவில்லை. முதல் நாள் சாயங்காலமே கன்ட்ரோல் ரூமுக்கு மெயில் போட்டு, நாளைக்கு வண்டி போகலாமா என்று கேட்டிருந்தேன். எச்சரிக்கை எதுவும் பதிவாகவில்லை, வழக்கம்போல இயக்கலாம் என்று பதில் வந்தது. அதை ஃபைலில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு என் சொந்த நம்பருக்கு கோவிந்தன் கூப்பிட்டார். நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

"மேடம், கோவிந்தன் பேசறேங்க. பார்டருக்கு முன்னாடி, ஜூஜூவாடிகிட்ட டீக்கடையில நிக்கறேன். அந்தாண்ட நெலம சரியில்லன்றாங்க. சந்தாபுரம் பக்கம் நம்ம டி.என். நம்பர் வண்டிய மறிக்கறாங்களாம். கன்னடக்கார டிரைவர் ஒருத்தரே வண்டிய நிறுத்தி எறங்கி வந்து சொல்லிட்டுப் போறாரு, போவாதீங்கன்னு."

"கன்ட்ரோல் ரூமுக்குச் சொன்னீங்களா?"

"சொன்னேங்க. அவங்க இந்தியில என்னென்னவோ கேட்டாங்க. எச்சரிக்கை ஒண்ணும் இல்ல, ப்ரொசீட்னுட்டாங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னா நின்னுடறேன் மேடம்."

நிற்கச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் பத்து மணிக்குள் கஸ்டமர் லைன் நிற்கும். யார் நிறுத்தியது என்று கேட்பார்கள். என் பெயர் வரும். ஒப்பந்தத்தை மீறி டிரைவரிடம் நேரடியாகப் பேசினேன் என்றும் வரும். இத்தனையும் அந்தச் சில விநாடிகளில் மனதில் ஓடியது. நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன் என்று பின்னால் பலமுறை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது பொய். யோசித்துத்தான் சொன்னேன்.

"கோவிந்தன், ரூல் உங்களுக்குத் தெரியும்ல. என்கிட்ட கேட்கக் கூடாது. அவங்க சொல்றபடி செய்யுங்க."

"சரிங்க மேடம்."

எட்டு மணிக்குத் தொழிற்சாலைக்குப் போய்த் திரையைப் பார்த்தேன். கோவிந்தனின் புள்ளி சந்தாபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் பச்சையாக இருந்தது. ஒன்றும் ஆகவில்லை என்று மூச்சு விட்டேன். எட்டு இருபதுக்கு போன் அடித்தது. முனிராஜ். ஏழெட்டு மாதத்துக்குப் பிறகு கூப்பிடுகிறார்.

"சந்திராம்மா, கோவிந்தனுக்கு அடிபட்டுடுச்சு. கண்ணாடி ஒடச்சிட்டாங்க. கண்ணுல பட்டிருக்குது."

"இல்லையே, வண்டி ஓடுதுன்னு காட்டுதே."

"எங்க காட்டுது?"

"ஸ்க்ரீன்ல."

அவர் நிதானமாகச் சொன்னார். "ஸ்க்ரீன விடும்மா. அவன் எனக்குப் போன் பண்ணி இருபது நிமிஷம் ஆவுது. வண்டிய ஆனேக்கல் ரோட்டுல திருப்பி ஒரு கிரானைட் யார்டுக்குள்ள வுட்டுட்டான். யார்டுக்காரரு நல்ல மனுசன், கேட்ட சாத்திட்டாரு. என்கிட்ட அவங்க ஊரு கே.ஏ. நம்பர் பிக்கப் இருக்குது, தக்காளிக்கு ஓட்டறது. தளி வழியா சுத்திப் போறேன். நீ வர்றியா?"

புள்ளி பச்சையாகவே இருந்தது. வண்டியிலிருந்த கருவி கண்ணாடியோடு சேர்ந்து உடைந்துபோயிருந்தது. கடைசியாக அனுப்பிய தகவலையே திரை காட்டிக்கொண்டிருந்தது என்பது பின்னால் தெரிந்தது.

ஜி.எம்.முக்குச் சொன்னேன். "நீங்க போய் என்ன செய்யப் போறீங்க? அதுக்குத்தானே அவங்களை வெச்சிருக்கோம்?" என்றார். கேட்டுக்கு வெளியே பிக்கப் வந்து நின்றது. ஏறினேன்.

கிரானைட் யார்டு

தளிச் சாலையில் ஆள் நடமாட்டமே இல்லை. முனிராஜ் அதிகம் பேசவில்லை. எல்லை தாண்டியதும் இரண்டு இடத்தில் பையன்கள் கை காட்டி நிறுத்தினார்கள். நம்பர் பிளேட்டைப் பார்த்து, முனிராஜின் கன்னடத்தைக் கேட்டு விட்டுவிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. இருபத்தேழு வருடம் எல்லையோரத்தில் இருந்தும் எனக்கு வரும் கன்னடம் சந்தையில் விலை கேட்கும் அளவுக்குத்தான்.

வழியிலேயே கஸ்டமரின் மெட்டீரியல் பிளானர் கூப்பிட்டார். எத்தனை பாகம் எப்போது லைனுக்கு வர வேண்டும் என்று பார்ப்பவர். கோபப்படவில்லை. அவர் குரலும் களைத்திருந்தது. "மேடம், லைன் நின்னாச்சு. ரிப்போர்ட்ல யாரு பேரு எழுதட்டும்?" என்று கேட்டார். நான் பிறகு சொல்கிறேன் என்றேன்.

யார்டுக்குப் போய்ச் சேரும்போது பத்து மணி. இரும்புக் கேட்டைத் திறந்துவிட்டவர் நஞ்சப்பா, யார்டின் சொந்தக்காரர். எங்கள் லாரியைக் கல் அறுக்கும் ஷெட்டுக்குப் பின்னால் நிறுத்தவைத்து, நம்பர் பிளேட்டின் மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடியிருந்தார். முதலில் என்னிடம் கேட்டது, "திண்டி ஆய்தா மேடம்?" காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று. கோவிந்தன் எங்கே என்று கேட்டேன்.

கோவிந்தன் மெருகேற்றி அடுக்கியிருந்த கல் பலகை ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். இடது கண்ணின் மேல் துண்டை மடித்து அழுத்திப் பிடித்திருந்தார். சட்டையின் முன்பக்கம் முழுவதும் ரத்தம். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"சரக்குக்கு ஒண்ணும் ஆவலீங்க மேடம். எண்ணிட்டேன். முழுசா இருக்குது."

அவரை மறுபடி உட்காரவைத்தேன். முனிராஜ் என்னைப் பார்த்தார். பிக்கப் ஒன்றுதான். ஆனேக்கல் ஆஸ்பத்திரி ஒரு பக்கம், கஸ்டமர் தொழிற்சாலை வேறு பக்கம். அதற்குள் பிளானர் மூன்று முறை கூப்பிட்டிருந்தார், ஜி.எம். இரண்டு முறை.

"மொதல்ல எதும்மா?"

"கோவிந்தனக் கூட்டிட்டுப் போங்க. சரக்கு கிடக்கட்டும். நான் இங்க இருக்கேன்."

அன்றைக்கு நான் எடுத்த முதல் முடிவு அது. மூன்று மணி நேரம் தாமதமாக வந்த முடிவு.

அவர்கள் போனபின் ஷெட் நிழலில் உட்கார்ந்திருந்தேன். லாரியின் முன்கண்ணாடி இருந்த இடத்தில் வெறும் சட்டம். சீட்டில் கண்ணாடித் தூள். கால் வைக்கும் இடத்தில் கையளவு கல் ஒன்று கிடந்தது. கண்ணாடி ஓரத்தில் கட்டியிருந்த எலுமிச்சம்பழம் மட்டும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. நஞ்சப்பா ஒரு தட்டில் உப்பிட்டு, நம் உப்புமாதான், கொண்டுவந்து வைத்தார். "இந்தப் பசங்களுக்கு என்னா தெரியும் மேடம்? நம்ம யார்டுல பாதி ஆளு உங்க கிருஷ்ணகிரிக்காரங்கதான்" என்று எனக்குப் புரியும் தமிழில் சொன்னார். அவருடைய ஆட்கள் இரண்டு பேர் கேட்டருகே நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பத்து ஐம்பதுக்கு கன்ட்ரோல் ரூமிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். ஆங்கிலத்தில் மரியாதையாகப் பேசினாள். உங்கள் வண்டி அங்கீகரிக்கப்பட்ட பாதையிலிருந்து விலகியிருக்கலாம் என்று சந்தேகிக்கிறோம், டிரைவர் போனை எடுக்கவில்லை, காரணம் தெரியுமா என்று கேட்டாள். டிரைவருக்குக் கண்ணில் அடி, ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார் என்றேன். சற்று நேரம் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. "மன்னிக்கவும் மேடம். இந்தப் பட்டியலில் அதற்கான காரணம் இல்லை. 'மற்றவை' என்று போடட்டுமா?" என்றாள். போடுங்கள் என்றேன். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவளுக்கும் யாரோ ஒருவர் பட்டியல் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். என்னைப்போல ஒருவர்.

முனிராஜ் பதினொன்றரைக்குத் திரும்பினார். ஆனேக்கலில் கட்டுப் போட்டு, உடனே பெங்களூர் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லிவிட்டார்களாம். ஆனேக்கலில் இருக்கும் தன் மச்சானை ஆம்புலன்சில் துணைக்கு அனுப்பிவிட்டு வந்திருந்தார். நஞ்சப்பாவின் ஆட்களும் நாங்களுமாக பின்களைக் கையால் தூக்கி பிக்கப்பில் ஏற்றினோம். பாதிச் சரக்குதான் பிடித்தது. வண்டி மாறினால், சரக்கோடு போகும் அரசாங்க ரசீதான இ-வே பில்லில் புது நம்பரைப் பதிய வேண்டும், இல்லாவிட்டால் வழியில் பிடிப்பார்கள். சிக்னல் கிடைக்காமல் அறுத்த கல் குவியல் மேல் ஏறி நின்று அதை போனில் செய்தேன். கிராமத்துச் சாலைகளில் சுற்றி நாங்கள் போய்ச் சேர்ந்து, லைன் மறுபடி ஓடியபோது நின்று கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது.

ரிவ்யூ மீட்டிங்

நான்கு நாள் கழித்து மீட்டிங் வைத்தார்கள். எங்கள் பக்கம் ஜி.எம்., நான், இன்னும் இரண்டு பேர். போக்குவரத்துக் கம்பெனி பக்கம் அவர்களுடைய மண்டலத் தலைவர் லேப்டாப்போடு வந்திருந்தார். படம் படமாகக் காட்டினார். எதிர்பாராத சூழ்நிலை என்று ஒரு பக்கம். அடுத்த பக்கத்தில், டிரைவர் முறைப்படி தகவலை மேலே கொண்டுசெல்லவில்லை, அனுமதியின்றிப் பாதை மாறினார், ஆகவே அவரைப் பட்டியலிலிருந்து நீக்கப் பரிந்துரைக்கிறோம் என்று இருந்தது.

ஜி.எம். என் பக்கம் திரும்பினார். அவருக்கு இது வசதியாக இருந்தது. தவறு வெளிக் கம்பெனி டிரைவருடையது என்றால் கஸ்டமருக்கு அப்படியே ஒரு கடிதம் அனுப்பிவிடலாம். நான் தலையாட்டினால் போதும்.

"கோவிந்தன் சொன்னாரு சார்" என்றேன். "கன்ட்ரோல் ரூமுக்கு ஆறரைக்கே சொல்லியிருக்காரு. அவங்க கால் ரெக்கார்டிங் எடுத்துப் பாக்கச் சொல்லுங்க. ஆறே முக்காலுக்கு என்கிட்டயும் சொன்னாரு. நின்னுடட்டுமான்னு கேட்டாரு. நான்தான் போகச் சொன்னேன்."

மண்டலத் தலைவர் லேப்டாப்பைப் பாதி மூடினார்.

"நீங்க ஏன் நிறுத்தச் சொல்லல?" என்றார் ஜி.எம்.

"டிரைவர் நம்மகிட்டப் பேசக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல இருக்கு சார். அந்த வரிய எழுதினது நான்."

மீட்டிங் முடிந்து வராண்டாவில் நடக்கும்போது ஜி.எம். மெதுவாகச் சொன்னார். "இதை நீங்க அவங்க முன்னாடி சொல்லியிருக்க வேண்டியதில்ல சந்திரா. நாம தனியா பேசியிருக்கலாம்." அவர் கெட்டவர் இல்லை. எனக்கு அடுத்த வருடம் மேனேஜர் பதவி வரவேண்டியிருந்தது, அதை நினைத்துத்தான் சொன்னார். அந்தப் பதவிக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்தார். கோவிந்தனை நீக்கவில்லை. அவர் முன்கூட்டியே தகவல் சொன்னார் என்பது பதிவில் ஏறியதால் சிகிச்சைக்கான இன்சூரன்ஸும் தடையில்லாமல் கிடைத்தது.

மாற்றியவை, மாறாதவை

ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதும் வேலையும் எனக்கே வந்தது. என் வரியை எடுத்தேன். வழியில் ஆபத்து என்று டிரைவர் நினைத்தால் யாரையும் கேட்காமல் வண்டியை நிறுத்தலாம், நிறுத்தியதற்காக அவர்மேல் நடவடிக்கை கூடாது என்று எழுதினேன். நிறுத்தியதும் முதல் போன் எங்கள் டிஸ்பாட்சுக்கு. பத்து நிமிடத்துக்குள் எங்கள் பக்கத்திலிருந்து ஒருவர், தன் பெயரைச் சொல்லி, போகலாமா வேண்டாமா என்று முடிவு சொல்ல வேண்டும். அந்தப் போனை நான் மட்டும் வைத்திருக்கவில்லை. நான்கு பேர் வாரத்துக்கு ஒருவராக முறை வைத்துக்கொண்டோம். முதலிலேயே இதைச் செய்திருக்க வேண்டும். எல்லா அழைப்பும் ஒரே ஆளுக்கு வந்ததுதான் என் பிரச்சினை. நானோ அழைப்பே வராதபடி கதவைச் சாத்திவிட்டேன்.

தினமும் இரண்டு கே.ஏ. நம்பர் வண்டி தர வேண்டும் என்றும் சேர்த்தோம். அத்திப்பள்ளிக்கு அந்தப்புறம் சிறிய கோடவுன் ஒன்று பிடித்து ஒரு நாள் சரக்கு வைத்தோம். நன்றாகத்தான் ஓடியது. ஒன்றரை வருடம் கழித்துப் புது மேனேஜர் செலவுக் குறைப்பில் அந்தக் கோடவுனை மூடினார். இவ்வளவு நாளில் எத்தனை முறை தேவைப்பட்டது என்று கேட்டார். இரண்டு முறை என்றேன். அவருக்கு அது குறைவாகத் தெரிந்தது.

முனிராஜை மறுபடி வரச் சொல்லிக் கேட்டேன். "வேணாம்மா. தக்காளி போதும். அது அழுகுனா எனக்கு மட்டும்தான் நஷ்டம்" என்று சிரித்தார். வேறு இரண்டு பேரின் போன் நம்பரைக் கொடுத்தார்.

கோவிந்தனுக்கு இரண்டு ஆபரேஷன் நடந்தது. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரியும். கனரக வாகனம் ஓட்ட முடியாது. அவருடைய கம்பெனியே அவரை எங்கள் கேட்டில், வரும் வண்டிகளின் பேப்பர் பார்க்கும் வேலையில் வைத்தது. முதல் நாள் அவரைப் பார்த்தபோது, பல வாரமாக மனதில் வைத்திருந்ததைச் சொன்னேன். அன்று நான் நிற்கச் சொல்லியிருக்க வேண்டும், என்மேல்தான் தவறு என்றேன்.

அவர் கையிலிருந்த பேப்பர்களைச் சரிசெய்துகொண்டே பேசினார்.

"நீங்க சொல்லாங்காட்டியும் நானே நின்னிருக்கலாம் மேடம். போவக்கூடாதுன்னு எனக்கே தெரியும். ஆனா நானா நின்னா நாளைக்கு வண்டி குடுப்பாங்களா? ஏன் நின்னேன்னு கேப்பாங்க. மேடம் சொன்னாங்கன்னு சொல்ல ஒரு பேரு வேண்டியிருந்தது. அதுக்குத்தான் போன் பண்ணேன்."

அவர் குற்றம்சாட்டும் குரலில் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். அடுத்த வண்டி ஹாரன் அடித்தது, போய்விட்டார். அதற்குப் பிறகும் தினமும் வணக்கம் சொல்வார். நானும் சொல்வேன். அதற்கு மேல் நாங்கள் இருவரும் அதைப் பேசியதில்லை.

நான் ஓய்வு பெறும் வருடத்தில் மறுபடி ஒரு காலை அதேபோல வந்தது. அந்த வாரம் முறை என்னுடையது. கே.ஏ. வண்டிகள் இரண்டும் முந்தைய நாள் போய்த் திரும்பவில்லை. கோடவுன் இல்லை. எல்லையிலிருந்து ஒரு டிரைவர் கூப்பிட்டார். எனக்கு முகம் தெரியாதவர், மதுரைப் பக்கத்துப் பேச்சு.

"மேடம், முன்னாடி டயர் எரியுது. போகவா, நிக்கவா?"

"நில்லுங்க. வண்டியத் திருப்பி நம்ம பக்கம் கொண்டாந்து போடுங்க."

"லைன் நிக்கும்னு கன்ட்ரோல் ரூம்ல சொல்றாங்க மேடம். யாரு சொன்னதுன்னு கேட்டா?"

"டிஸ்பாட்ச் சந்திரா சொன்னாங்கன்னு சொல்லுங்க."

கஸ்டமர் லைன் மூன்றரை மணி நேரம் நின்றது. மேனேஜர் கூப்பிட்டு, யார் ஒப்புதல் கொடுத்தது என்று சத்தம் போட்டார். நான் என்றேன். மெயிலில் விளக்கம் கேட்டார், எழுதிக் கொடுத்தேன். சாயங்காலம் நிலைமை அடங்கியதும் எல்லா வண்டியும் போய்ச் சரக்கை இறக்கிவிட்டு முழுசாகத் திரும்பின. அந்த டிரைவர் கேட்டில் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். அவர் முகத்தைக் கடைசிவரை நான் பார்க்கவில்லை.

இந்த வேலைக்கு இப்போது வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். வண்டியை வெளியே கொடுங்கள். டிரைவரை, கோடவுனை, திரையைக்கூடக் கொடுங்கள். நம்மைவிட அவர்கள் நன்றாகவே செய்வார்கள். ஆனால் சாலையில் நிற்கும் ஒருவர் போகவா நிற்கவா என்று கேட்கும்போது, தன் பெயரைச் சொல்லிப் பதில் சொல்கிற ஆள் உங்கள் கம்பெனிக்குள் இருக்க வேண்டும். அதை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். அலுப்பான வேலைதான், சாப்பாட்டு நேரத்தில்தான் போன் வரும். முறை வைத்துக்கொள்ளுங்கள். போனை எடுங்கள்.